குமார் என்று ஒருவர் கிடையாது

எங்கள் துறையில் இப்போது பாடம் நடத்தும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் என்னிடம் படித்தவர்கள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "சார், கேஸ் ஸ்டடி எப்படி நடத்தணும்னு எழுதிக் குடுங்க. இப்ப பிள்ளைக கேஸைப் போன்ல போட்டு ஒரு நிமிசத்துல பதிலை எடுத்துட்டு வந்துருதுக. எங்களுக்கு என்ன பண்ணன்னே தெரியல" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. போன் வருவதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்போதும் பதில் சமைக்கப்பட்டுத்தான் வகுப்புக்கு வந்தது. எழுதித் தருகிறேன், நீங்கள் கேட்ட மாதிரி இருக்காது என்று சொல்லி அனுப்பினேன். இதை மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலாண்மைப் படிப்பில் கேஸ் என்றால் ஏதோ ஒரு கம்பெனியில் உண்மையாக நடந்த சிக்கலைக் கதைபோல எழுதி வைப்பது. பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு மேலாளர் மேசை முன்னால் உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருப்பார். அவர் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று மாணவர்கள் வாதாட வேண்டும். கம்பெனியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுவது வழக்கம். யார் பெயரும் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு என்று பாடப்புத்தகம் சொல்லும். வகுப்பில் நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

என் கதை சுருக்கமானது. விருதுநகரில் அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, பருப்பு மண்டி. மண்டியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து மதுரையில் எம்.பி.ஏ. படித்தேன். ஒரு சோப்புக் கம்பெனிக்காகச் சில ஆண்டுகள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் ஊருக்கே திரும்பி, விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருந்த ஒரு கல்லூரியில் மேலாண்மைத் துறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். நான் சொல்லப்போவது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நடந்தது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். பட்டாசுக் கம்பெனியோ, தீப்பெட்டிக் கம்பெனியோ, காலண்டர் அடிக்கும் அச்சகமோ ஏதாவது ஒன்று அப்பா பெயரில் இருக்கும். மீதிப் பேர் சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்தில் விவசாயம் செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள், எங்களைப் போன்ற சின்ன வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள். முதல் பாதி காரில் வரும், மறு பாதி டவுன் பஸ்ஸில் வரும். நாங்கள் நடத்திய கேஸ்கள் எல்லாமே அமெரிக்காவில் எழுதியவை. ஒருநாள் சாலையில் விழும் பனியை அள்ளும் இயந்திரம் விற்கிற கம்பெனியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "சார், இங்கன மழை பெஞ்சாலே கம்பெனிய மூடிட்டு வீட்டுக்குப் போயிருவோம். பனிய அள்ளி எங்கன போட?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னால் நின்ற துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்வி. நம்ம ஊர்க் கேஸ் ஒண்ணு எழுதிடுவோம்" என்றார்.

தலைவர் வேங்கடேசன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேச மாட்டார். திட்டும்போது குரல் இன்னும் தணியும், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க நாமாகக் குனிந்து பக்கத்தில் போக வேண்டியிருக்கும். சாக்பீஸைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடிப்பார். மாணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், சாக்பீஸை நீட்டுவார். நீட்டிய திசையில் இருப்பவன் எழுந்து நிற்க வேண்டும்.

அவர் கேஸ் நடத்தும் முறை இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். முதல் வாசிப்பில் கையில் பென்சில் இருக்கக் கூடாது. இரண்டாவது வாசிப்பில் கோடு போடலாம், எழுதக் கூடாது. மூன்றாவதில் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நடந்ததையும் வலப்பக்கம் யாரோ சொன்னதையும் எழுத வேண்டும். "நடந்ததும் சொன்னதும் கலந்துபோச்சுன்னா அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்பார். அதன் பிறகுதான் கரும்பலகை. முடிவெடுக்க வேண்டியவர் யார், எதற்குள் எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் என்ன ஆகும், என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வழியிலும் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம். முதல் அரை மணி நேரம் 'வேண்டும்' என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கக் கூடாது. நல்ல முறை. இப்போதும் சொல்கிறேன், அதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. அந்த முறையைக் கற்றுக்கொடுத்த மனிதரே அதைக் குழிதோண்டிப் புதைத்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. கேஸில் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். "மூணு பேருக்கு மேல போனா பசங்களுக்கு மறந்துபோயிடும் ஜமால்" என்று அடிக்கடி சொல்வார்.

எங்களுக்கு ஊர்க் கேஸ் கிடைத்தது நாரணாபுரம் பக்கத்தில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில். அதன் முதலாளி மகன் கார்த்திக் எங்கள் மாணவன். அவன்தான் அப்பாவிடம் பேசி ஏற்பாடு செய்தான். தீபாவளி முடிந்து கம்பெனிகள் ஓய்ந்து கிடந்த வாரங்கள் அவை. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். நடந்தது என்ன என்று விசாரித்து எழுதுவது என் வேலை.

அந்த சீசனில் அங்கே செய்த பூச்சட்டியில் ஒரு லோடு கோளாறாகிப் போயிருந்தது. புஸ்வாணம் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதுதான். பூவாகச் சிதற வேண்டியது வெடித்தது. வடக்கே ஒரு நகரத்தில் தீபாவளிக்கு முன்பே யாரோ கொளுத்திப் பார்க்க, ஓர் இளைஞனுக்கு ஒரு கண் போய்விட்டது. அங்கிருந்த ஏஜெண்டு கொதித்துப்போய்ப் பேசினார். மிச்ச சரக்கு கடைகளில் அடுக்கியிருந்தது. தீபாவளிக்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதா, விட்டுவிடுவதா? இதுதான் கேஸின் கேள்வி. கம்பெனி திரும்ப வாங்கவில்லை. பேப்பரில் செய்தி வரவில்லை, அதனால் வாங்கவில்லை.

போர்மேன் பால்ச்சாமியைப் பார்த்தேன். அச்சங்குளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பல ஆண்டு போர்மேன் வேலை பார்த்தவர். கம்பெனிக்குள் வைத்துப் பேச அவருக்கு இஷ்டமில்லை. மெயின் ரோட்டில் பாதை பிரியும் விலக்கில் இருந்த டீக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"தெனமும் அன்னன்னைக்குச் செஞ்சதுல கை போன போக்குல நாலஞ்சு எடுத்து, சாயங்காலம் கடைசிப் பொட்டல்ல கொளுத்திப் பாப்போம் சார். பூச்சட்டின்னா பூக்கணும். அன்னைக்கு எடுத்ததுல ரெண்டு பூக்கல, வெடிச்சிருச்சு. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். அதுலயும் ஒண்ணு. மழையில மருந்துல ஈரம் ஏறிருக்கு. இந்தச் சரக்கு வெளிய போவக்கூடாதுன்னுட்டேன்."

"யார்கிட்டச் சொன்னீங்க அண்ணாச்சி?"

"தங்கவேல்கிட்ட. முதலாளிக்கு மச்சினன் மொற. லோடு ஏத்துறதெல்லாம் அவுக பொறுப்பு. லாரி நிக்கி, பெரிய ஆர்டர். 'ஏலே, வாசலைத் தாண்டுன சரக்கு உன் கணக்கு இல்லலே'ன்னுட்டாக."

அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இது எழுதாத சட்டம். மருந்து கலக்குவதும் அடைப்பதும் காய வைப்பதும் போர்மேன் பொறுப்பு. பெட்டியில் போட்டு பேக்கிங் ரூம் வாசலைத் தாண்டிவிட்டால் அது சரக்கை அனுப்பிவைக்கும் டெஸ்பாட்ச் ஆளின் சொத்து. வாசலுக்கு அந்தப் பக்கம் போர்மேனுக்கு நாக்கு கிடையாது.

"பெறகு என்ன செஞ்சீங்க?"

"முதலாளிக்குப் போன் போட்டேன். மதுரையில ஒரு கல்யாண வீட்ல இருந்தாக. 'தங்கவேல் பாத்துக்கிடுவான், நீ உள்வேலையப் பாரு'ன்னுட்டாக. நான் என்ன சார் செய்ய? லாரிக்கு முன்னால போய்ப் படுக்கவா முடியும்? லாரி போவுற மட்டும் அங்கனேதான் நின்னேன்."

தங்கவேலையும் போய்ப் பார்த்தேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. "சீசன் நேரத்துல போர்மேன் ஆயிரம் சொல்லுவான் சார். அதையெல்லாம் கேட்டா ஆர்டர் போயிரும்லா" என்றார். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். கேஸில் நான்கு பேர் இருந்தார்கள்: முதலாளி, போர்மேன், டெஸ்பாட்ச் சூப்பர்வைசர், ஏஜெண்டு. வேங்கடேசன் சாரிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். என் தாள்களில் சிவப்புப் பென்சில் ஓடியிருந்தது. போர்மேனையும் சூப்பர்வைசரையும் சேர்த்து ஒரே ஆளாக்கியிருந்தார். பெயர் குமார். உற்பத்தியும் டெஸ்பாட்சும் பார்க்கிற மேலாளர். சோதனையில் சரக்கு வெடிப்பதைப் பார்க்கிறார், மனம் பதறுகிறது, ஆனாலும் சீசன் நெருக்கடியில் லாரியில் ஏற்றிவிடுகிறார்.

"இப்பத்தான் கேஸுக்கு உயிர் வந்திருக்கு ஜமால். ஒரே மனுஷனோட மனசுக்குள்ள போராட்டம். பசங்க பிச்சு எடுத்துடுவாங்க பாருங்க" என்றார்.

"சார், ஏத்தக் கூடாதுன்னு சொன்னவரும் ஏத்துனவரும் வேற வேற ஆளு சார். சொன்னவர் தலையில ஏத்துன பழியும் விழுதே."

"யார் தலையிலயும் விழலை. குமார்னு ஒருத்தர் கிடையாது."

"அந்தக் கம்பெனியில சோதனை பாக்குறது ஒரே ஒரு போர்மேன்தான். ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார்."

அவர் குரல் தணிந்தது. நான் குனிய வேண்டியிருந்தது. "ஜமால், இது கோர்ட் இல்லை. கிளாஸ்."

இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் சொன்னது என்று ஊருக்கெல்லாம் ஓதியவர், இல்லாத ஓர் ஆளைச் செய்து இடப்பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அவருக்கு அதில் துளிகூடக் கூச்சம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கதை நன்றாக வந்திருக்கிறது என்ற பெருமை அவர் கண்ணை மறைத்தது. அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேஸை வகுப்பில் பயன்படுத்துவதற்கு முன் கம்பெனியிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். அதுவும் ஒரு நடைமுறை. தலைவரும் நானும் சிவகாசியில் முதலாளியின் ஆபீசுக்குப் போனோம். காபி வந்தது, அந்த ஆண்டு டைரி ஆளுக்கொன்று வந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக முழுவதையும் படித்தார். "பிரமாதமா எழுதியிருக்கீக. குமார் ஒரு போன் போடுதாருல்லா, முதலாளி கல்யாண வீட்ல இருந்து பேசுறதா. அது மட்டும் எதுக்கு? அது எங்க வீட்டு விசயம்லா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் பென்சிலை எடுத்து அந்தப் பத்தியை அடித்துவிட்டார். முதலாளி எழுந்து கைகொடுத்தார். சம்மதம் கேட்கும் நடைமுறையில் பால்ச்சாமிக்கு ஓர் இடமும் கிடையாது. கம்பெனி என்றால் முதலாளி, அவ்வளவுதான்.

அந்தப் பருவத்திலேயே தலைவர் கேஸை நடத்தினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாக்பீஸ் நீண்டது, பிள்ளைகள் எழுந்தார்கள். பனி அள்ளும் இயந்திரத்துக்கு வாயே திறக்காதவர்கள் எல்லாம் அன்று வெளுத்துக் கட்டினார்கள். சந்தைப் பெயர், ஏஜெண்டின் நம்பிக்கை, நுகர்வோர் பாதுகாப்பு என்று கரும்பலகை நிறைந்தது. கார்த்திக் எல்லோரையும்விட நன்றாகப் பேசினான். "தெரியாமச் செஞ்சா அது வெறும் தப்பு சார். குமார் தெரிஞ்சே ஏத்துறாரு. ஒரு கண்ணு போயிருக்கு. அவர வேலைய விட்டு நிறுத்துறதுதான் நேர்மையான முடிவு" என்றான். கை தூக்கச் சொன்னார் தலைவர். ஏறத்தாழ எல்லாக் கைகளும் எழுந்தன. பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் "குமார்னா அந்த அச்சங்குளத்துப் போர்மேன்லே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தலைவர் காதிலும் விழுந்தது. "பேர் சொல்லக் கூடாது, கேஸ் ஒழுக்கம்" என்று அவனைத் திருத்தினார்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாரக் கடைசியில் கம்பெனி மேலாளர்களுக்காகக் கல்லூரியில் நடந்த பயிற்சியிலும் அதே கேஸ் ஓடியது. ஆடி பிறந்து புது ஆர்டர் பேசுகிற நேரம் வந்ததும், வடக்கே இருந்த ஏஜெண்டு முதலாளியிடம் போன வருசத் தப்புக்கு யார் பொறுப்பு, அவனை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி எங்கள் கேஸை ஒரு பிரதி எடுத்து அவருக்கு அனுப்பினார். கல்லூரிப் பேராசிரியர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், அந்த ஆளை நிறுத்திவிட்டோம் என்றார். சொன்னபடியே பால்ச்சாமியை நிறுத்தினார். மச்சினன் தங்கவேல் பழைய நாற்காலியில் அப்படியே இருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை எங்கள் கல்லூரி அச்சடித்துக் கொடுத்திருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது பால்ச்சாமி வீட்டுக்கு வந்தபோதுதான். அது ரமலான் மாதம், தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. சீசன் உச்சத்தில் இருந்தது. போர்மேன் கிடைக்காமல் கம்பெனிகள் அலைந்துகொண்டிருந்தன. பால்ச்சாமிக்கு மட்டும் வேலை இல்லை. என் மனைவி சபியா டீ கொண்டுவந்து வைத்தாள். என் முன்னால் கோப்பை இல்லாததைப் பால்ச்சாமி பார்த்துவிட்டு, "சார் நோம்பா இருக்கீகளா? அப்பம் எனக்கும் வேண்டாம்மா" என்றார். நாங்கள் வற்புறுத்திய பிறகுதான் குடித்தார்.

"எம்புட்டுக் கம்பெனி ஏறி இறங்கிட்டேன் சார். எல்லா இடத்துலயும் நல்லாத்தான் பேசுதாக. பேரைக் கேட்டதும் 'ஓ, அந்த ஆளா'ங்காக. காலேஜ்லயே பாடமா வச்சிருக்காகளாம், தெரிஞ்சே ஏத்திவிட்ட ஆளுன்னு. எனக்கு வேற தொழில் தெரியாது சார். வீட்டுக்காரி சரவெடி பின்னப் போறா, அதுல ஓடுது."

கேஸில் அவர் பெயர் எங்கும் இல்லை என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதைத்தான் கேக்க வந்தேன் சார். என் பேரைப் போட்ருங்க. பேரைப் போட்டு, ஏத்தக் கூடாதுன்னு நான் சொன்னதையும் போட்ருங்க. அது போதும்."

மறுநாளே தலைவரிடம் போனேன். ஒருவரை மறுபடியும் இருவராக்கி, போன் பேச்சையும் சேர்த்துத் திருத்திய பிரதியை மேசையில் வைத்தேன். அவர் படித்தார். "நல்லா இருக்கு. கம்பெனி சம்மதம் வேணுமே" என்றார். முதலாளியிடம் போனேன். இந்த முறை காபி வரவில்லை. "சார், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். திரும்பி வந்து சொன்னேன். "அப்போ முடியாது ஜமால். நடைமுறை நடைமுறைதான்" என்றார் தலைவர். பெயரை மாற்றியதும் ஆட்களை ஒட்டியதும் பத்தியை அடித்ததும் சம்மதம் வாங்கித்தான் நடந்ததாம். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தில் தொழில் நெறிமுறைப் பாடம் என் கையில் இருந்தது. அதே மாணவர்கள்தான், இப்போது இரண்டாம் ஆண்டு. கேஸ் முடிந்த பிறகு அதில் வரும் உண்மையான ஆளை வகுப்புக்கு அழைத்து மாணவர்களோடு பேச வைக்கலாம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. வழக்கமாக முதலாளிகளைத்தான் அழைப்பார்கள், மாலை போடுவார்கள். நான் பால்ச்சாமியை அழைத்தேன். வகுப்பில் கம்பெனிக்காரர் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறார்களே, உண்மையை அவர் வாயாலேயே கேட்டால் ஒருத்தனாவது வீட்டில் போய்ப் பேசுவான், ஒரு வேலை கிடைத்துவிடும் என்று நம்பினேன். அவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

வெளுத்த சட்டை போட்டு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, "நிக்கேன் சார்" என்றார். தலைவருக்கு யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும், பின்கதவில் வந்து நின்றார். நான் வகுப்பிடம், "போன பருவத்தில் நீங்கள் வேலையை விட்டு நீக்கிய குமாரில் பாதி இவர். மறுபாதி இன்னும் வேலையில் இருக்கிறார். என்ன கேட்க வேண்டுமோ இவரிடம் கேளுங்கள்" என்றேன்.

காரில் வருகிறவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண் முத்துலட்சுமிதான் எழுந்தாள்.

"அண்ணாச்சி, சரக்கு சரியில்லன்னு தெரிஞ்சும் நீங்கதான் ஏத்திவிட்டீகளா?"

"இல்லம்மா. ஏத்தக் கூடாதுன்னு சொன்னதுதான் நான். ஏத்துனது வேற ஆளு."

"முதலாளிகிட்டச் சொல்லலையா?"

"சொன்னேம்மா. போன் போட்டேன். மொதல்ல எடுத்தது சின்ன முதலாளிதான். வெவரத்தைச் சொன்னேன். கேட்டுட்டுத்தான் அவுக அப்பாகிட்டக் குடுத்தாக." அவர் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. "நல்லா இருக்கீகளா சின்ன முதலாளி? வீட்ல அம்மா சுகமா இருக்காகளா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே நலம் விசாரித்தார். கார்த்திக் தலையைத் தூக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அவன் அந்த போனை எடுத்தவன் என்று எனக்கு அதுவரை தெரியாது. சரக்கு கெட்டது என்று அவனுக்குத் தெரியும், சொன்னது யார் என்று தெரியும், ஏற்றியது யார் என்று தெரியும். எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் எழுந்து நேர்மையைப் பற்றிப் பேசினான், அதற்கு நாங்கள் நல்ல மதிப்பெண் போட்டோம். அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், பால்ச்சாமி முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

"ஜமால், நேரமாச்சு" என்றார் தலைவர் பின்னாலிருந்து. எப்போதும்போலத் தணிந்த குரல். நான் குனியவில்லை.

வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். "சீசன் நடக்கிறது. போர்மேன் இல்லாமல் ஊரே அலைகிறது. இவரைப் போர்மேனாக வைத்துக்கொள்ள யார் தயார்? கை தூக்குங்கள்."

முத்துலட்சுமியின் கை முதலில் எழுந்தது. பிறகு சன்னலோரத்தில் இரண்டு, பின்னால் நான்கைந்து, இன்னும் சில. வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பால்ச்சாமி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். வந்ததிலிருந்து இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை எனக்குத் தரவில்லை. கணக்கியல் கொடுத்தார்கள், ஓய்வு பெறும்வரை அதைத்தான் நடத்தினேன். கேஸ் இன்னும் எங்கள் துறைத் தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகள் வந்து குமாரை வேலையை விட்டு நீக்குகிறார்கள். கட்டுரை கேட்டு வந்தீர்களே, உங்கள் இரண்டு பேரிடமும்தான் சொல்கிறேன். பதிலைப் போன் சொல்கிறதா பையன் சொல்கிறானா என்று கவலைப்படுவதை விடுங்கள். கேஸை முதலில் யார் எப்படி எழுதினார்கள் என்று போய்ப் பாருங்கள்.

அன்று வகுப்பு முடிந்ததும் பால்ச்சாமியை பஸ் ஏற்றிவிட ரோட்டு வரைக்கும் நடந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் நடையில் ஒரு வேகம் வந்திருந்தது.

"நெறைய பேரு கை தூக்குனாக சார்."

"ஆமா அண்ணாச்சி."

"மொதல்ல தூக்குச்சே ஒரு பிள்ளை, அது எந்தக் கம்பெனி சார்? நாளைக்கே போய்ப் பாக்கட்டுமா?"

"அதுக்குக் கம்பெனி இல்ல அண்ணாச்சி. சம்சாரி வீட்டுப் பிள்ளை."

"செரி. மத்தவுக?"

"அவுகளுக்கும் இல்ல."

அவர் நின்றுவிட்டார். "கை தூக்குனதுல ஒருத்தருக்குமா சார் இல்ல?"

"ஒருத்தருக்கும் இல்ல அண்ணாச்சி."

சாத்தூர் பஸ் வந்தது. "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.